மூச்சுப் பொருத்தம்

எந்த மாமியாராவது மருமகளைப் பார்த்து, "போட்டது போட்டபடி கிடக்கட்டும் தாயி, நீ போய்ப் படு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பாளையங்கோட்டையில் பிரமாச்சி சொன்னாள். ஒருநாள் கூத்தில்லை, தினமும் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றாலும் சரி, மருமகள் வடிவின் போன் அந்த ஒரு மாதிரியான மணியோசையை எழுப்பிவிட்டால் போதும், ஓடிவந்து கையில் இருக்கிற கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள்.

"அவன் படுத்துட்டான். ஓடு, ஓடு."

தெருவே வாயைப் பிளந்தது. எதிர்வீட்டு மருமகள் துணி காயப்போடுகிற சாக்கில் மாடியில் நின்று பார்த்து, "கொடுத்து வச்சவ, பட்டப்பகல்ல கட்டில்ல ஏறிப் படுக்கா. நமக்கு நிக்க நேரமில்ல" என்று தன் புருஷனிடம் புலம்பினாள். வடிவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். கோவில்பட்டியில் இருக்கிற அம்மா ஆவுடைத்தாய்க்குப் போன் போட்டு, "எங்க அத்தை மாதிரி உலகத்துல யாரும் கிடையாதும்மா" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

வடிவின் புருஷன் நெல்லைநாயகம் ரயில் ஓட்டுகிறவன். வண்டி போய்ச் சேருகிற ஊரில்தான் அவனுக்குத் தூக்கம். இன்றைக்கு ஈரோட்டில் காலையில் படுப்பான், நாளைக்குக் கொல்லத்தில் சாயங்காலம் படுப்பான். அவன் எங்கே எப்போது படுத்தாலும் பாளையங்கோட்டையில் வடிவும் படுக்க வேண்டும். அவள் தூங்கினால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

இதை அவன் ஒளித்துவைக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று தனியாகக் கேட்டு, மொட்டைமாடியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"எனக்குத் தூங்கும்போது தொண்டை அடைச்சுக்கிடும். நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சு நின்னுரும். மூளை பதறி எழுப்பும், ஒரு இழுப்பு இழுப்பேன், திரும்ப நிக்கும். விடியுறதுக்குள்ள நூறு தடவை செத்துப் பிழைக்கணும். அப்படியே விட்டா பிரஷர் ஏறும், இதயம் வீங்கும், ஒருநாள் பொட்டுன்னு போயிருவேன். அது போக, பகல்ல தூக்கம் சொக்கும். ரயில் ஓட்டுதவன் சொக்கலாமா?"

"வைத்தியம் கிடையாதா?"

"இருக்கு. மூக்குல ஒரு மாஸ்க் மாட்டி, குழாய் வழியா மெஷின் காத்தை ஊதி, தொண்டையத் திறந்தே வச்சிருக்கும். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாம் இது தெரிஞ்சதும் சிரிச்சுட்டாங்க. துதிக்கை மாட்டிக்கிட்டுத் தூங்குத மாப்பிள்ளைக்கு எங்க பிள்ளையைத் தரமாட்டோம்னு ஒரு வீட்டுல முகத்துக்கு நேராவே சொன்னாங்க. அம்மா அழுதா. கழட்டிப் போட்டுட்டேன். இப்பதான் இணைமூச்சு வந்துருச்சுல்லா."

இணைமூச்சு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். காதுக்குப் பின்னால் ஊசியில் ஏற்றுகிற அரிசி அளவு மணி ஒன்று. இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று. நன்றாகத் தூங்குகிறவரின் மூச்சை ஒரு மணி கவனித்து அனுப்ப, மற்றவரின் மணி அதை வாங்கி நாக்கின் நரம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். மெஷின் சொன்னால் கேட்காத நரம்பு, உயிருள்ள மனுஷ மூச்சு சொன்னால் கேட்டதாம். முன்னால் போகிற ஆட்டைப் பார்த்துப் பின்னால் போகிற ஆடு போலத்தான். ஆனால் எந்த மூச்சும் எந்த மூச்சோடும் சேராது, பொருந்த வேண்டும். அவ்வளவுதான், நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக மூச்சுப் பொருத்தமும் சேர்ந்துகொண்டது. கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துக் கடையில் பூமாலை, அதற்கடுத்த கடையில் இணைமூச்சு மையம் என்று ஆகிப்போனது.

வடிவுக்கும் நாயகத்துக்கும் எந்தக் குறையுமில்லாமல் பொருந்தியது. மையத்துக்காரன், "இப்படி ஒரு ஜோடியை நான் பாத்ததே இல்ல" என்றான். தகப்பன் இல்லாத இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்பைக் கட்டியிருந்த ஆவுடைத்தாய், அந்த வார்த்தையைக் கேட்டதும் கழுகாசலமூர்த்திக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டாள். வடிவுக்கோ அவன் மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. அவன் உயிரே தன் மூச்சில் நிற்கப்போகிறது என்பதில் ஒரு கிறக்கம்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

கல்யாணம் முடிந்தது. நாயகம் பூவாய்த் தூங்கினான். முகம் தெளிந்தது, பிரஷர் இறங்கியது, வேலைக்கான உடல் பரிசோதனையில் டாக்டரே முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் வடிவைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்கினான். போகிற ஊரிலிருந்தெல்லாம் தின்பண்டம் வாங்கி வந்தான். அவள் தீப்பெட்டி ஆபீசில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை மட்டும் விட வேண்டியதாயிற்று. வேலைக்கு நடுவில் போய்ப் படுக்க எந்த முதலாளி விடுவான்? பிறகு சினிமாவை விட்டாள். பிறகு தோழிகள் கல்யாணங்களை விட்டாள். எல்லாமே அவன் தூங்கும் நேரம் பார்த்துத்தான் வந்து தொலைத்தன.

வைகாசி வாக்கில் எழுந்தவுடன் மண்டை இடித்தது. ஆனியில் பெயர்கள் மறந்தன. ஒருநாள் பிரமாச்சியை "அத்தை" என்று கூப்பிட வாயெடுத்தவள், யார் இந்த அம்மாள் என்று ஒரு கணம் திகைத்து நின்றாள்.

"புதுப்பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். மசக்கையா இருக்கும் பாரு" என்று பிரமாச்சி கன்னத்தைக் கிள்ளினாள். மசக்கை இல்லை.

ஆடி பிறக்கப் போகிறது என்றதும் ஆவுடைத்தாய் தட்டு நிறையச் சீர் வரிசையோடு வந்து இறங்கினாள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவது ஊர் வழக்கம். ஆடியில் கூடினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

"இந்தக் காலத்துல யாரு மயினி ஆடியெல்லாம் பாக்கா?" என்று பிரமாச்சி இழுத்தாள். மருமகளை ஒரு மாதம் அனுப்ப அவளுக்குக் கொஞ்சமும் மனசில்லை.

"நாலு பேரு கேப்பாங்க மயினி. தகப்பன் இல்லாத பிள்ளை, ஆடிக்குக்கூட அழைக்கலன்னு பேச்சு வரும்."

நாயகம்தான் சமாதானம் பண்ணினான். "டவர் இருக்கிற இடமெல்லாம் மூச்சு வந்துரும்மா. கோவில்பட்டி என்ன கடலுக்கு அந்தாண்டயா இருக்கு? போயிட்டு வரட்டும்."

கோவில்பட்டிக்கு வந்த மறுநாள் மத்தியானமே போன் மணி அடித்தது. சோற்றில் கைவைத்திருந்த வடிவு எழுந்து கை கழுவிவிட்டுக் கூடத்தில் பாயை விரித்தாள். தங்கை கோமு, கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத்தான் அங்க படுத்தா இங்க நீ சாயுதியே, பொம்மலாட்டம் மாதிரி இருக்குக்கா."

"உனக்கும் ஒருத்தன் வருவான், அப்ப பாரு" என்று சொல்லி முடிக்கும் முன் வடிவு தூங்கிப்போனாள்.

அவள் எழுந்தபோது கோமு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"அக்கா, நீ எப்பயிலிருந்து குறட்டை விடுத?"

"நானா? போடி."

"கேலி பண்ணலாம்னு போன்ல பிடிச்சு வச்சேன். கேளு."

போனில் குறட்டை கேட்டது. நல்ல தடித்த ஆண்பிள்ளைக் குறட்டை. வடிவுக்கே சிரிப்பு வந்தது. பிறகு குறட்டை நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குடம் வைத்தார்கள், தெருவில் ஒரு பைக் வந்து திரும்பிப் போனது, அப்போதும் மூச்சு வரவில்லை. கோமுவின் குரல் மெதுவாக "அக்கா" என்றது. பிறகு "அக்கா, அக்கா!" என்று அலறியது. அதன் மேலேதான் அந்த இழுப்பு கேட்டது. நீருக்குள் அமுக்கிவைத்திருந்தவரைச் சட்டென்று விட்டது போல ஒரு இழுப்பு.

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் கையிலிருந்த அரிசி புடைக்கிற சுளகைக் கீழே வைத்தாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேச்சல் இருவரையும் பகலிலேயே பக்கத்துப் பக்கத்து அறையில் படுக்கவைத்தாள். நாயகம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். முதலில் இணைப்போடு தூங்கவைத்தாள். பிறகு இணைப்பைத் துண்டித்துத் தூங்கவைத்தாள். எல்லாம் முடிந்து, இரு வீட்டாரையும் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். டாக்டர்கள் கண்ணாடியைத் துடைத்தாலே நல்ல சேதி வராது.

"மிஸ்டர் நாயகத்துக்குக் குணமாயிட்டு. இனிமே அவருக்குத் துணை வேண்டாம். தனியாவே நல்லா மூச்சு விடுதார்."

பிரமாச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்க நெல்லையப்பர் கண்ணைத் திறந்துட்டார்."

"அவர் திறக்கல அம்மா. இந்தப் பொண்ணு திறந்திருக்கா." டாக்டர் வடிவைப் பார்த்தாள். "மூச்சு அங்க போகும்போது, அங்க இருக்கிற தடை இங்க வருது. நாலு பேர் ஒரே மாதிரி ராகம் போட்டுப் படிச்சா நமக்கும் அந்த ராகம் ஒட்டிக்கிடும்லா, அது மாதிரி. உன் மூளை அவருக்குக் கத்துக்கொடுத்துச்சு. அவர் மூளை உனக்குக் கத்துக்கொடுத்துட்டு. இப்ப நிக்குதது உன் மூச்சு."

"இப்படி வரும்னு உங்களுக்குத் தெரியுமா?" கோமுதான் கேட்டாள்.

"சந்தேகம் இருந்துச்சு. எழுதினோம், சொன்னோம். எல்லாரும் முகூர்த்தத் தேதி பாத்துக்கிட்டிருந்தாங்க."

வடிவு கேட்டாள்: "எனக்கு இப்ப என்ன வைத்தியம்?"

"அதே இணைமூச்சு கேட்டா, உனக்கு இவரைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது. அவர்கிட்ட இருக்கதே நீ கொடுத்த மூச்சுதானே."

எல்லாருடைய கண்ணும் நாயகத்தின் மேல் போய் நின்றது. அவன் நல்லவன். இதை யாரும் மறுக்க முடியாது. அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வடிவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் சொல்லப்போகிற பதிலுக்காக வடிவு தன் புது வியாதியைக்கூட மறந்து காத்திருந்தாள்.

"வடிவு, எனக்கு வந்தா நான் தாங்கிக்கிடுவேன். ஆனா என் பின்னால ஆயிரம் பேரு உட்கார்ந்து வாராங்க. ஒரு சிக்னல்ல கண்ணு சொக்கிட்டா... நீயே சொல்லு." அவன் கோமுவைத் திரும்பிப் பார்த்தான். "நம்ம கோமுகிட்ட கேட்டுப் பாப்பமா? கூடப் பிறந்தவ. பொருந்தும்."

எவ்வளவு மெதுவாகச் சொன்னான்! திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கோமு உடனே எழுந்து நின்று, "நான் தாரேன்க்கா" என்றாள், கேட்டதற்காகவே காத்திருந்தது போல. வடிவு அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"டாக்டர், அந்த மாஸ்க் இன்னும் இருக்கா?"

டாக்டர் ரேச்சலின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. "ஸ்டோர் ரூம்ல கிடக்கு. யாரும் கேக்கதே இல்ல. ஆரம்பத்துல உறுத்தும், மூக்கு காயும், பழகிக்கிடலாம். இவருக்கும் அதுவே போதும்னுதான் இருந்துச்சு. மெஷினுக்குத் தொண்டையும் கிடையாது, மூளையும் கிடையாது. அதுக்கு வியாதி ஒட்டாது."

அது போதும் என்றுதான் இருந்தது. வடிவு அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். துதிக்கை என்று நாலு பேர் சிரித்ததற்காக இத்தனையும் நடந்திருக்கிறது.

பிரமாச்சி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "ஆடி முடியட்டும் மயினி, பொறவு பேசிக்கிடுவோம். எங்க வீட்டுக்கு வரப்போக ஆளுங்க உண்டு. மருமக இதை மாட்டிக்கிட்டுக் கிடந்தா என்னத்தச் சொல்ல?"

கோவில்பட்டிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஆவுடைத்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மெஷின் பெட்டி இருந்தது. அதன் மேல் முந்தானையைப் போட்டு மூடியிருந்தாள். கயத்தாறு தாண்டியதும், முன் சீட்டில் இருந்த கோமுவுக்குக் கேட்காமல் பேசினாள்.

"உனக்குப் பின்னால ஒருத்தி இருக்கா வடிவு."

"தெரியும்."

"தெரு வழியா போறவன் ஜன்னல்ல எட்டிப் பாத்தான்னா போச்சு. அந்த வீட்டுப் பொண்ணுக மூச்சே சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிருவான். பொறவு கோமுவை யாரு கேட்டு வருவா?"

"அதுக்காக அவ மூச்சை எடுக்கணுமா?"

"நான் எடுக்கச் சொன்னேனா?" என்று ஆவுடைத்தாய் வெளியே பார்த்துக்கொண்டாள்.

அன்று ராத்திரியிலிருந்து வடிவு எப்போது படுத்தாலும் மாஸ்க்கோடுதான் படுத்தாள். ஆவுடைத்தாய் தெருப்பக்க ஜன்னல்களை ஒவ்வொன்றாய்ச் சாத்தி, கதவுக்குத் தாழ் போட்டு, மெஷின் இரைச்சல் வெளியே கேட்காமலிருக்க டிவியைச் சத்தமாக வைத்தாள். யாராவது கதவைத் தட்டினால் முதலில் வடிவின் முகத்தைப் போர்வையால் மூடிவிட்டுத்தான் திறப்பாள். மாஸ்க் கன்னத்தில் தழும்பு போட்டது. வாய் வறண்டது. பாதித் தூக்கத்தில் கை தானாகவே அதைக் கழற்றி எறிந்தது. ஆனால் மூச்சு நிற்கவில்லை. இது பழகும், பழகிவிட்டால் தான் யாருக்கும் கடன்படாமல் வாழ்ந்துவிடலாம் என்று வடிவு தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

நாயகம் தினமும் போன் பண்ணினான். சாப்பிட்டாயா என்று கேட்டான். எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை.

ஆடி முடிகிற வாரத்தில் ஒருநாள் மத்தியானம் வடிவு கண் விழித்தாள். விழித்ததும் ஏதோ வேறு மாதிரி இருந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தலை வலிக்கவில்லை. கழுவிவிட்டது போலக் கண் தெளிவாக இருந்தது. நெஞ்சில் மாசக்கணக்காய் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி மிதந்தது. கல்யாணத்துக்கு முன்னால்கூட இப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. அம்மா, இதுவா தூக்கம் என்று இருந்தது அவளுக்கு.

கன்னத்தைத் தொட்டாள். மாஸ்க் இல்லை. மெஷின் பெட்டி பரணுக்குப் போயிருந்தது.

பக்கத்துப் பாயில் கோமு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காதுக்குப் பின்னால் சின்னதாய் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அம்மா!"

ஆவுடைத்தாய் காப்பித் தம்ளரோடு ஓடி வந்தாள். "மெதுவா, மெதுவா. பிள்ளை எந்திரிச்சிரப் போறா."

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க?"

"அவதான் ஒத்தக்கால்ல நின்னா. இன்னைக்கு நீ கண் அசந்ததும் மையத்துக்குப் போய்ட்டு வந்தோம். உனக்குள்ள மணி ஏற்கெனவே இருக்குல்லா, திருப்பிவிட்டா போதும்னான். மணி மாப்பிள்ளை பேருல பதிஞ்சிருக்காம், சம்மதம் வேணும்னு அவரு போனுக்கு ஒரு நம்பர் வந்துச்சு. கேட்டேன், வண்டியில இருந்தாலும் உடனே சொல்லிட்டாரு. தங்கமான மனுசன்."

"என் சம்மதம்?"

"உன்னைக் கேட்டா நீ மாட்டேம்ப." ஆவுடைத்தாய் மகளின் முகத்தைத் தொட்டுத் திருப்பினாள். "கண்ணாடியில பாரு, முகம் எப்படி இருக்குன்னு. எத்தனை நாளாச்சு உன்னை இப்படிப் பாத்து! கொஞ்ச நாளைக்குத்தான் தாயி. கோமுவுக்கு ஒரு இடம் அமையுற வரைக்கும். இது வெளிய ஒருத்தருக்கும் தெரியாது."

"அவளுக்கு ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டுனா பாத்துக்கிடலாம். உடனேவா ஒட்டப் போவுது?"

வடிவு நாயகத்துக்குப் போன் போட்டாள். அந்த நம்பரை மறுபடி வரவழைத்துச் சொல்லுங்கள், இப்போதே நிறுத்த வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். மறுமுனையில் அவன் முந்திக்கொண்டான். "வடிவு! நல்லாத் தூங்குனியா? குரலே மாறிட்டே, பழைய மாதிரி இருக்கு. ஆவணி முதல் முகூர்த்தத்துல வந்து கூட்டிட்டுப் போறேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன், அம்மாவுக்கும் சந்தோஷம்."

அவனை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் போனை எடுத்தாள். ஆனால் கோபம் வரவில்லை. தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. இப்படி ஒரு தூக்கத்தைத் தூங்கி எழுகிறவனிடம், அதை எனக்காக விட்டுக்கொடு என்று எப்படிக் கேட்பது என்று தோன்றியது. தோன்றிய மறுகணமே பக்கத்துப் பாயில் கிடந்த கோமுவைப் பார்த்தாள். அவள் போனை வைத்துவிட்டாள்.

இனித் தூங்கக் கூடாது. நான் விழித்திருக்கிற வரைக்கும் இவளுக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக மையத்துக்குப் போய் உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும். வடிவு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தாள். காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். சுவரில் முதுகைக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாத்திய ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாய்ப் பாயில் விழுந்திருந்தது. மின்விசிறி சுற்றியது. உடம்பு முழுக்க அந்தத் தூக்கத்தின் மிச்சம் இதமாகப் பரவிக் கிடந்தது.

கோமு புரண்டு படுத்து, பாதிக் கண்ணைத் திறந்து அக்காளைப் பார்த்துச் சிரித்தாள். "எதுக்குக்கா எந்திரிச்ச? இன்னும் கொஞ்ச நேரம் படு. நான் இருக்கேன்லா."

"வேண்டாம் கோமு. போதும்."

"சும்மா படுக்கா."

வடிவு படுத்தாள்.